கயிற்றில் இல்லாத வளையம்

முவைலா, சார்ஜா
10 நவம்பர் 2024

தங்கச்சி அற்புதராணிக்கு,

அண்ணன் தேவசுந்தரம் எழுதுகிறேன். சுகம். சுகர் நூற்று நாற்பதில் நிற்கிறது, அதற்கு மேல் அதை விசாரிக்க வேண்டாம். பின்லாந்துக் குளிரில் உன் முட்டுவலி எப்படி? உன் மகள் ஜோஸ்மி நாகர்கோவிலில் ஒழுங்காகப் படிக்கிறாளா?

கடிதமா என்று நினைப்பாய். இனிமேல் கடிதம்தான். நான் வாட்ஸ்அப்பில் எழுதியதை வெட்டி வேறு குரூப்பில் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்தப் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஜெபல் அலியில் கிரேன் நின்றுபோனால் என்னைக் கூப்பிடப் பட்டன் போன் போதும்.

நடந்தது இது. போன மாதம் 27, ஞாயிறு. தைத் ரோட்டில் ஒரு புல் பண்ணைக்குக் குருவி பார்க்கப் போனேன். பம்ப் ரூம் கண்ணாடியில் நீலத்தொண்டைக் குருவி ஒன்று மோதி விழுந்தது. எடுத்துத் தொப்பிக்குள் வைத்தேன். காலில் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டும் எண் வளையம், பின்லாந்து முகவரியோடு. சர்க்யூட் போர்டு பார்க்கிற பூதக்கண்ணாடி எப்போதும் என் பையில் உண்டு. அதை வைத்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்து மார்க்கரால் முழங்கையில் எழுதினேன். கடைசி மூன்று எண்: 638. பம்ப் ஆள் இர்ஷாத், “ஜல்தி சோடோ பாய், மர் ஜாயேகா”, சீக்கிரம் விடு, செத்துப்போகும் என்று கத்தினான். விட்டேன். பறந்துவிட்டது.

உன் நாட்டு வளைய அலுவலகம் எழுதிய பதில்: அந்த வரிசை வளையங்கள் வெய்க்கோ என்ற முதியவருக்குக் கொடுத்தவை. அவர் இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். 638 எந்தக் குருவிக்கும் போடப்படவே இல்லை. 633 என்று ஒரு குருவி உண்டு, நீங்கள் மூன்றை எட்டாகப் படித்திருக்கலாம்.

எங்கள் பறவைக் குழுக் கூட்டத்தில் பாஸ்கர் என்ன சொன்னான் தெரியுமா? தென்னை மரம் நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறானே, அவன்தான். “போட்டோ எங்கண்ணே? போட்டோ மாஃபின்னா ரெக்கார்டும் மாஃபி, ஒண்ணும் கிடையாது. கிரேன் மேல ஏறி நின்னு பாத்தா மூணும் எட்டாத்தான் தெரியும்.” எல்லோரும் சிரித்தார்கள். “வே, நீரு லென்சு வழியா பாக்கும். நான் கண்ணால பாத்தேன்” என்றேன். பத்தொன்பது வருடமாகக் குளிர்காலப் பறவைக் கணக்கு எடுப்பவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன், ஒரு குருவிப் புத்தகத்தை வைத்து இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்தவன். எனக்கா எட்டும் மூன்றும் தெரியாது?

இதை உனக்கு எழுதக் காரணம், அந்த வெய்க்கோவின் ஊர் என்று அலுவலகம் எழுதியிருப்பது நீ வேலை பார்க்கிற ஊர். உலகத்தில் இவ்வளவு இடம் இருக்க அந்த ஊர். விசாரித்து எழுது.

அண்ணன்
தேவசுந்தரம்


22 நவம்பர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. எனக்குச் சுகம். முட்டு வலிக்கிறது, ஆனால் முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் முட்டு வலிக்கிறது, அதனால் தனியாகத் தெரிவதில்லை. ஜோஸ்மி படிக்கிறாள். இன்னும் ஒன்றரை வருடம்.

இங்கே இப்போது சூரியன் காட்டுக்கு மேலே வராது. பதினொரு மணிக்கு நீலமாக ஒரு வெளிச்சம் வரும், இரண்டு மணிக்குப் போய்விடும். பனி விழுந்த காட்டில் சத்தமே கிடையாது. ஓமானில், சலாலாவில் இருந்தபோது காற்றாவது பேசும். இங்கே நம்முடைய மூச்சு நமக்கே யாரோ பக்கத்தில் நிற்பதுபோலக் கேட்கும்.

வெய்க்கோ இருந்தது உண்மை. அவருடைய மனைவி ஐனோ எங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார், எண்பத்து நான்கு வயது. நினைவு போய்விட்டது. காலையில் ஜன்னலோரம் உட்கார வைத்தால் எண்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். எழுபத்து நான்கு, பதினேழு, எழுபத்து ஐந்து, பதினெட்டு. புருஷன் குருவியின் இறக்கையை அளந்து, எடை பார்த்துச் சொல்லச் சொல்ல நாற்பது வருடம் இவர் எழுதியவராம்.

காட்டுக்குள் அவர்களுக்கு ஒரு குடில் உண்டு. நான்கு கிலோமீட்டர். குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும். அங்கே போக என்னால் ஆகாது. அண்ணாச்சி, ஒரு குருவிக்காக ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? விட்டுவிடுங்கள்.

தங்கச்சி
ராணி


2 டிசம்பர்

ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம். உனக்கும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

விடமாட்டேன்.

குழுவின் செயலாளர் அஃபீஃபா போன் செய்தது. நல்ல பிள்ளை, ஸ்கூல் டீச்சர், காயல்பட்டினம். “மாமா, ‘கடைசி எண் சரியாத் தெரியலை’ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. குருவியை ஏத்துக்கிடுறோம். உங்க பேரும் நிக்கும்” என்றது. நன்றாகத் தெரிந்ததைத் தெரியவில்லை என்று எழுதித்தான் என் பெயர் நிற்க வேண்டுமா? முடியாது என்றேன். அப்படியானால் பிப்ரவரி 9 கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். பதிவைத் தள்ளுவது மட்டுமில்லை, கண் சரியில்லாத ஆளிடம் குளிர்காலக் கணக்கு இருக்கலாமா என்றும் பாஸ்கர் கேட்கப்போகிறான்.

கேள். வளையங்கள் தனித்தனியாக வராது. எண் வரிசையாகக் கயிற்றில் கோத்து வரும். ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட வேண்டும். வெய்க்கோவின் கயிறு அந்தக் குடிலில் தொங்கும். அதில் முதல் வளையம் 638 என்றால் நான் பொய்யன். 638 இல்லை என்றால் யாரோ அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். இறந்தவன் போட்டானா, இருப்பவன் போட்டானா, அது எனக்குத் தேவையில்லை. நீ போய்ப் பார். இந்த ஒரு காரியம்தான் உன்னிடம் கேட்கிறேன்.

அண்ணன்


14 டிசம்பர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சமாதானம். கிறிஸ்துமஸ் வருகிறது, நல்லபடியாகச் சாப்பிடுங்கள், மருந்தை விடாதீர்கள்.

நீங்கள் சொன்னபடி போனேன். முதல் தடவை என்பதால் வழி தவறிவிடுமோ என்று பயம். இரண்டு நாளாகப் பனி பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு காலடி கிடையாது. திரும்பிப் பார்த்தால் என்னுடைய தடம் மட்டும் என் பின்னால் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் குக்கெலி என்கிற பறவைகள் மூன்று என்னோடு சேர்ந்துகொண்டன. மைனா அளவு, சாம்பல் உடம்பு, துருப்பிடித்த வால். சத்தம் போடாமல் மரத்துக்கு மரம் வரும். காட்டில் செத்தவர்களின் ஆவி அது என்று இங்குள்ள கிழவர்கள் சொல்வார்கள்.

குடிலுக்கு வெளியே தீனித்தட்டு நிறையச் சூரியகாந்தி விதை, மேலே பனி இல்லாமல் இருந்தது. கறுப்புத்தலைப் பட்டாணிக்குருவிகள் ஐந்தாறு வந்து, நான் கையை நீட்டியதும் விரலில் உட்கார்ந்தன. இறகு எடைகூட இல்லை. அப்போது ஒன்று நடந்தது. எல்லாக் குருவியும் ஒரே நேரத்தில் தின்பதை நிறுத்திவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தன. நான் திரும்பினேன். யாரும் இல்லை.

கதவு கீழே இடிக்கும், கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். உள்ளே ஆணியில் கயிறு தொங்கியது. அண்ணாச்சி, மன்னிக்க வேண்டும். முதல் வளையம் 638தான். கயிற்றிலேயே இருக்கிறது. குறிப்பேடும் இரண்டு வருடத்துக்கு முன்னால் நின்றுவிட்டது.

வயதானால் கண் மாறுவது இயல்பு. அந்தப் பிள்ளை அஃபீஃபா சொன்ன ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு நான் இனிப் போகமாட்டேன்.

ராணி


26 டிசம்பர்

ராணிக்கு,

கிறிஸ்து பிறந்தநாள் வாழ்த்து. ஆராதனைக்குப் போனேன், பிரியாணி வாங்கினேன், பாதி வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை நேற்று முழுவதும் வைத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்தக் கண்ணால் படித்ததைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் பனி பெய்தது, உன் காலடி தவிர வேறு காலடி இல்லை என்கிறாய். அத்தனை குருவி தின்கிற இடத்தில் தட்டு நிறைய விதை, அதன்மேல் பனி இல்லை. போட்டவன் ஆகாயத்திலிருந்தா வந்தான்? அன்றைக்கு உன் கால்தான் அங்கே நின்றது.

பட்டாணிக்குருவி தெரியாத ஆளின் விரலில் முதல் நாளே உட்காராது. ஒரு கையை நம்ப அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பூட்டிக் கிடப்பதாகச் சொன்ன குடிலுக்குச் சாவி எங்கே கிடைத்தது என்று நீ எழுதவில்லை. கதவைத் தூக்கித் தள்ள வேண்டும் என்பதை மட்டும் எழுதியிருக்கிறாய். முதல் தடவை போகிறவள் முதலில் இடித்துப் பார்ப்பாள், உதைத்துப் பார்ப்பாள்.

நீ அங்கே பல தடவை போயிருக்கிறாய். கயிற்றைப் பற்றியும் பொய் சொல்லியிருக்கிறாய். பாஸ்கர் சிரித்ததைத் தாங்கினேன். அம்மா செத்த பிறகு உன்னைத் தோளில் தூக்கிக் கடற்கரைக்கும் கோயிலுக்கும் நடந்தவன் நான். நீ என்னைக் குருடன் என்று சொல்லக்கூடாது.

கயிற்றை எடுத்து எனக்கு அனுப்பு. இல்லையென்றால் இதுவே கடைசிக் கடிதம்.

தேவசுந்தரம்


24 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பதில் தாமதம். சுகம் என்று எழுத வரவில்லை. நீங்கள் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. 638ஐ ஆகஸ்டில் அந்தக் குருவியின் காலில் மாட்டியது ஐனோ. குறிப்பேட்டில் எழுதியது நான்.

ஐனோவுக்குத் தன் பெயர் தெரியாது, அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது. ஆனால் குருவியைக் கையில் கொடுத்தால் விரல்கள் எல்லாவற்றையும் செய்யும். “கயிறு முடியட்டும். வெய்க்கோ பாதியில் விட்டுவிட்டுப் போனார்” என்பார். என் லீவு நாட்களில் பின்கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு போவேன். அப்படி ஒருவரை வெளியே கொண்டுபோவது பெரிய குற்றம். உரிமம் இல்லாதவர்கள் வளையம் போடுவது வேறு குற்றம். தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். ஜோஸ்மியின் படிப்பு இருக்கிறது. உங்களைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதனால் உங்கள் கண்ணைப் பழித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நீலத்தொண்டையை ஐனோ என் கையில் கொடுத்து விடச் சொன்னார். உங்கள் ஞாபகம் வந்தது. அதன் காதுப்பக்கம் வாயை வைத்து, “சார்ஜாவுக்குப் போ மக்களே, எங்க அண்ணாச்சியைப் பாத்தேன்னு வந்து சொல்லு” என்றேன். விளையாட்டுக்குத்தான். நவம்பரில் உங்கள் முதல் கடிதத்தைப் பிரித்தபோது அந்த எண்ணை மூன்று தடவை படித்தேன். அன்று முழுவதும் என்னால் ஐனோவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்கள் கடிதம் ஜனவரி ஐந்தாம் தேதி வந்தது. ஆறாம் தேதி விடுமுறை. கயிற்றை எடுத்துவரப் புறப்பட்டேன். நான் பூட்ஸ் போடுவதை ஐனோ பார்த்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாற்காலி வைத்த சறுக்குவண்டியில் உட்கார வைத்து, கம்பளி சுற்றித் தள்ளிக்கொண்டு போனேன். மைனஸ் முப்பத்தொன்று. குடிலில் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

பதினோராம் தேதி காலையில் ஐனோ இறந்துவிட்டார்.

கயிறு இதோடு இருக்கிறது. முதல் வளையம் 652. கூட்டத்தில் காட்டுங்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குருவிகள் என் பின்னால் பார்த்தன என்று எழுதினேனே, அது மட்டும் பொய்யில்லை.

ராணி


10 பிப்ரவரி

ராணிக்கு,

கடிதமும் கயிறும் மூன்றாம் தேதி கிடைத்தன. நான் இருக்கிறேன். நீ இரண்டு வேளையாவது சோறு சாப்பிடு. இது விசாரிப்பு இல்லை, கட்டளை.

மைனஸ் முப்பத்தொன்று என்று எழுதியிருக்கிறாய். போக நான்கு கிலோமீட்டர், வர நான்கு. ஐனோவுக்குக் குளிரில் காய்ச்சல் வந்ததா, என்றைக்கு வந்தது என்று எழுதவில்லை. ஆறாம் தேதிக்கும் பதினோராம் தேதிக்கும் நடுவில் நீ விட்டிருக்கும் இடத்தைத்தான் ஏழு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதி உன்னைப் புறப்பட வைத்தவன் நான்.

நேற்றுக் கூட்டம். கயிறு என் சட்டைப்பையில் இருந்தது. பாஸ்கர் எழுந்து, “என்னண்ணே, பின்லாந்துல இருந்து சாட்சி வந்துச்சா?” என்றான். சட்டைக்கு மேலே கையை வைத்தால் அறுபது எழுபது வளையம் நெருடியது. ஒரே ஒரு தடவை மேசைமேல் போட்டால் போதும், அவன் வாய் மூடியிருக்கும்.

“பதிவைத் திருப்பி எடுத்துக்கிடுதேன்” என்றேன்.

அஃபீஃபாவுக்கு முகமெல்லாம் நிம்மதி. “அல்ஹம்துலில்லாஹ். தப்பாப் படிச்சிட்டேன்னு எழுதிக்கிடவா மாமா?”

“தப்பாப் படிச்சேன்னு எழுதப்பிடாது. படிச்சது சரி. திருப்பி எடுக்கேன்னு மட்டும் எழுது.”

“காரணம் போடணுமே மாமா.”

“காரணம் மாஃபி.”

பாஸ்கர் சிரித்தான். அவனோடு ஆறேழு பேர். குளிர்காலக் கணக்கு இனி அவன் கையில். கணக்கு நோட்டுகள் பத்தொன்பதையும் அஃபீஃபாவிடம் கொடுத்தேன். வாங்கும்போது அது என் முகத்தைப் பார்க்கவில்லை. கார் பார்க்கிங்கில் வந்து, “கண் டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன் மாமா” என்றது. சரி என்றேன்.

கயிற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டுக் கதவைச் சாத்து. அதோடு அந்த இடத்துக்குப் போகாதே. உன்னிடமிருந்து பதில் வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

அண்ணன்


28 பிப்ரவரி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கர்த்தருடைய கிருபை உங்களோடு இருப்பதாக. சோறு சாப்பிடுகிறேன். உங்கள் நோட்டுகளை நினைத்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று பகலில் கயிற்றைக் கொண்டுபோனேன். சூரியன் திரும்பி வந்துவிட்டது, மரங்களின் நிழல் நீளமாகக் கிடந்தது. ஜனவரி ஆறுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. வழி முழுவதும் உடையாத பனி. தொடை வரை புதைந்து புதைந்து போனேன். குடிலைச் சுற்றி ஒரு தடம் இல்லை. நின்று, ஒரு தடவை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். முயல் தடம்கூட இல்லை.

தீனித்தட்டு நிறைந்திருந்தது. விதையின் மேல் பனி இல்லை.

கையை நீட்டினேன். பட்டாணிக்குருவிகள் வந்தன, என் விரலுக்கு அல்ல. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் இரண்டு அடி தூரத்தில், காற்றில் ஒவ்வொன்றாக இறங்கி ஒவ்வொன்றாக எழுந்தன. கையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு போவதுபோல. நான் திரும்பவில்லை, அண்ணாச்சி. கண் ஓரத்தில் பார்த்தேன், அவ்வளவுதான்.

உள்ளே போய்க் கயிற்றை மாட்டினேன். நான் மூடி வைத்த குறிப்பேடு திறந்திருந்தது. நடுவில் பென்சில். குனிந்து படிக்கவில்லை. கதவைத் தூக்கிச் சாத்திவிட்டு, வந்த குழிகளிலேயே கால் வைத்து வந்தேன்.

இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்க முடியாது. முன்பு ஒருமுறை உங்களுக்குப் பொய் எழுதியவள் நான். வேறு யாருக்கு எழுதுவேன்?

தங்கச்சி
ராணி


12 மார்ச்

அன்புள்ள தங்கச்சி ராணிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். சுகம். சுகர் நூற்று அறுபது. கண் டாக்டரிடம் அஃபீஃபா கூட்டிக்கொண்டு போனது. தூரமும் கிட்டமும் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அஃபீஃபா இரண்டு தடவை படித்துவிட்டுக் காரை எடுத்தது. இறங்கும்போது, “அப்ப ஏன் மாமா?” என்றது. குழுவுக்குக் காட்ட வேண்டாம் என்று சீட்டை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத்தான் பண்ணைக்குப் போகிறேன். நீலத்தொண்டைகள் வடக்கே கிளம்பிவிட்டன. போன வாரம் நாலு இருந்தன, இந்த வாரம் ஒன்று. பம்ப் ரூம் ஓரத்தில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனது. காலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

உன் கடிதத்தை இர்ஷாதின் கட்டிலில் உட்கார்ந்து வெயிலில் படித்தேன். அந்தக் குறிப்பேட்டை நீ படிக்காமல் வந்தது சரி. அங்கே வேலை செய்கிற புருஷனும் மனைவியும் செய்துகொள்ளட்டும். ஜோஸ்மி படிப்பு முடியும்வரை நீ உன் வேலையைப் பார். ராத்திரி டியூட்டிக்குத் தனியாக நடந்து போகாதே, யாரையாவது சேர்த்துக்கொள்.

நம்ப வேண்டும் என்று கேட்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டாம். நீ அங்கே நின்றாய், நான் நிற்கவில்லை. நீ பார்த்தது பார்த்ததுதான்.

அண்ணன்
தேவசுந்தரம்